டெல்லிக்கு மறுபடியும் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

முதல் பயணத்தில் வண்டி பிடித்து ஒரே நாளில் ஆறேழு இடங்களை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அடுத்த முறை எதைத் திரும்பப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பழைய கட்டடங்கள், கல்வெட்டுகள், எந்த நேரத்தில் போவது, எப்படிப் போவது ஆகியவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஹோட்டலும் ஷாப்பிங்கும் வேண்டாம். முதலிலேயே ஒன்று: திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும், தேசிய அருங்காட்சியகமும் மூடியிருக்கும். டிக்கெட் போடும்போதே கிழமையைப் பாருங்கள்.

சேலம் சுதா: அக்கா, குதுப் மினார் ரெண்டு தடவை பார்த்தாச்சு. உள்ளே ஏறவும் விடுறதில்லை. மூணாவது தடவை போக அங்கே என்ன இருக்கு?

பதில்: 1981 டிசம்பரில் உள்ளே நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். அதிலிருந்து மேலே ஏற அனுமதி இல்லை. அதனால் இந்த முறை மினாரை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருக்கும் மசூதிக்குப் போங்கள். பெரும்பாலானோர் அங்கே இரும்புத் தூணைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தூணுக்குப் பின்னால் நிற்கும் பெரிய கல் திரையைத்தான் பார்க்க வேண்டும். 1190களின் இறுதியில் குத்புதீன் ஐபக் எழுப்பியது.

நடு ஆர்ச்சுக்கு நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, பூவேலையைக் கொஞ்சம் மறந்துவிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் கோடுகளை மட்டும் பாருங்கள். கோடுகள் படுக்கையாகவே மேலே போகும். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சிறிது முன்தள்ளி, இரண்டு பக்கமும் நெருங்கி வந்து உச்சியில் கூடும். வடிவம் ஆர்ச், கட்டிய முறை கோயில் கட்டுகிறவர்களின் முறை. கட்டச் சொன்னவர்கள் ஆர்ச் கேட்டார்கள். கையில் உளி வைத்திருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் அந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள்.

அங்கிருந்து தெற்கே நூறடி நடந்தால் அலாவுதீன் கில்ஜியின் அலாய் தர்வாசா. ஆண்டு 1311. அதே மாதிரி நின்று கோடுகளைப் பாருங்கள். இங்கே கோடுகள் விசிறி விரிந்த மாதிரி ஒரு மையத்தை நோக்கிச் சாயும். ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவம், பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. இதுதான் உண்மையான ஆர்ச். இரண்டுக்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல்.

நடுவில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி வளாகத்துக்கு வெளியே, மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில் இருக்கிறது: 1287ஐ ஒட்டிக் கட்டிய, டெல்லி சுல்தான் பால்பனின் கல்லறை. கூரை போய்விட்டது, பூச்சும் போய்விட்டது. பூச்சு இல்லாததால்தான் கரடுமுரடான கற்கள் ஆப்பு ஆப்பாகச் செருகியிருப்பது அப்பட்டமாகத் தெரியும். டெல்லியில் நிற்கும் உண்மையான ஆர்ச்சுகளில் இதுதான் மிகப் பழையது. பூங்காவுக்கு டிக்கெட் இல்லை. அங்கேயே 1506இல் கட்டிய ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும், ஜமாலி கமாலி மசூதியும் உண்டு. இந்தச் சுற்றுக்கு மூன்று மணி நேரம் வையுங்கள்.

போகும் வழி: மெட்ரோவின் மஞ்சள் லைனில் குதுப் மினார் ஸ்டேஷன். பெயரை நம்பி நடக்க ஆரம்பிக்க வேண்டாம், நினைவுச்சின்னம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோ எடுங்கள். சூரிய உதயத்துக்கே கதவு திறக்கும்.

கிருஷ்ணகிரி ரவி: பழைய டெல்லியில் நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும் மேடம்?

பதில்: சாப்பாட்டுக் கேள்விகளுக்கு நான் ஆளில்லை.

கொழும்பு வாசகி: நாங்கள் இலங்கையிலிருந்து வருகிறோம், இரண்டு பிள்ளைகள், 9 வயதும் 13 வயதும். போன முறை எல்லா இடத்திலும் வெளிநாட்டார் கட்டணம் கட்டினோம். அப்படித்தானா?

பதில்: இல்லை. தொல்லியல் துறையின் கட்டண நினைவுச்சின்னங்களில் சார்க், பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாட்டவருக்கு இந்தியர்களுக்கான கட்டணம்தான். இலங்கை இரண்டிலும் இருக்கிறது. ஆன்லைனில் எடுக்கும்போது நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், வாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். போட்டோ நகலையோ போனில் உள்ள படத்தையோ நம்பிப் போகாதீர்கள், பெரும்பாலான சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார், செங்கோட்டை மூன்றுக்கும் இது பொருந்தும். செங்கோட்டை திங்கட்கிழமை இல்லை.

மதுரை கேமரா: போட்டோவுக்கு எந்த இடம் எப்போ நல்லா இருக்கும்? எல்லாரும் "காலையில போ"ன்னுதான் சொல்றாங்க.

பதில்: காலை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மசூதிகளுக்கு ஒரு சுலபக் கணக்கு: இந்தியாவில் மெக்கா மேற்கே, அதனால் தொழுகை மண்டபம் முற்றத்தின் மேற்குப் பக்கம் நின்று கிழக்கே பார்க்கும். ஆக, ஜாமா மசூதியின் முகப்பும் குதுப் வளாகத்தின் கல் திரையும் காலை வெயிலில்தான் முகம் காட்டும். மத்தியானத்துக்கு மேல் போனால் முகப்பு நிழலில், பின்னால் வானம் வெளுத்து, படம் வீண். ஜாமா மசூதியில் தொழுகை நேரங்களில் சுற்றுலாப் பயணிகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள்.

செங்கோட்டையின் லாகூரி வாசல் மேற்கே, சாந்தினி சௌக்கைப் பார்த்து நிற்கிறது. அதற்கு மாலை. ஹுமாயூன் கல்லறைக்கு இப்போது நாம் நுழைவது மேற்கு வாசல் வழியாக, அதற்கும் மாலை. மூன்றரை மணிக்கு மேல் செங்கல்நிறக் கல்லில் வெயில் ஏறும்போது வெள்ளைப் பளிங்கு வரிகள் தனியாகத் தெரியும். டிரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும், டிரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

திருச்சி பாலா: அம்மாவுக்கு முட்டி வலி. ஹுமாயூன் கல்லறையை மறுபடி பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க. முடியுமா?

பதில்: மேடை மேல் ஏறுவது கஷ்டம். படிகள் செங்குத்து, ஒவ்வொரு படியும் வீட்டுப் படியைவிட உயரம். இறங்குவது அதைவிட மோசம். அம்மாவைக் கீழே தோட்டத்தில் வைத்தே முழுதாகப் பார்க்க வைக்கலாம். தோட்டம் நான்கு பாகம், நடுவே கால்வாய்கள், பாதை சமதளம். தெற்குப் பக்கம் வரை மெதுவாக நடந்தால் போதும், கூட்டமும் அங்கே குறைவு.

நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கான் கல்லறை. முதல் பயணத்தில் பலரும் விட்டுவிடுவது இது. 1547இல் கட்டியது, ஹுமாயூன் கல்லறைக்கு இருபது வருஷம் மூத்தது. எட்டுப்பட்டை, சுற்றி வராந்தா, விதானத்தில் வண்ணப் பூச்சு. லோதி தோட்டத்தில் இருக்கும் 1444ஆம் ஆண்டு முகமது ஷா கல்லறை, 1517 வாக்கில் எழுந்த சிக்கந்தர் லோதி கல்லறை, பிறகு இது. மூன்றும் எட்டுப்பட்டைதான், ஒரே குடும்பம். ஹுமாயூன் கல்லறைக்கு வந்தவுடன் அளவும் கணக்கும் மாறிவிடுகிறது. பாரசீகக் கட்டடக் கலைஞர் மிராக் மிர்சா கியாஸ் இரட்டைக் கும்மட்டம் வைத்தார். உள்ளே நின்று பார்க்கும் கூரை தாழ்வு, வெளியே தெரியும் கும்மட்டம் உயரம், நடுவில் வெற்றிடம். வெளியே எடுப்பாகவும் உள்ளே அளவாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகா கான் அறக்கட்டளை பழுதுபார்த்தபோது, இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் கொட்டியிருந்த கான்கிரீட்டைப் பத்து லட்சம் கிலோ அளவுக்கு அகற்றினார்கள். ஒழுகலை நிறுத்தப் போட்டது, கட்டடத்துக்குப் பாரமாகிவிட்டது. சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமெண்ட் வைக்கக் கூடாது என்பதற்கு நம் ஊர்க் கோயில் திருப்பணிக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடும், ஈரம் சுவரிலேயே தங்கிக் கல்லைத் தின்னும்.

அம்மாவுக்கு இன்னும் தெம்பு இருந்தால் பக்கத்துச் சுந்தர் நர்சரி. அதற்குத் தனி டிக்கெட். பாதையெல்லாம் சமதளம், உட்கார இடமும் நிறைய. ஜாமா மசூதி வேண்டாம், படிகள் அதிகம்.

நெல்லை ஆசிரியர்: வணக்கம். மாணவர்களை அழைத்துவருகிறேன். பெரோஸ் ஷா கோட்லாவில் உள்ள அசோகர் தூணில் சோழர், பாண்டியர் பெயர் இருக்கிறது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். எந்தப் பக்கத்தில் நின்றால் பார்க்கலாம்?

பதில்: அந்தத் தூணில் இல்லை ஐயா. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் வருவது பாறைக் கல்வெட்டுகளில், இரண்டாவதில். பதின்மூன்றாவதிலும் சோழ பாண்டியர் உண்டு. குஜராத்தின் கிர்நார் பாறையில் அவற்றைக் காணலாம். கோட்லாவில் நிற்பது தூண் கல்வெட்டு, அது வேறு வரிசை. மாணவர்களிடம் இந்த வேறுபாட்டையே பாடமாகச் சொல்லலாம்.

அந்தத் தூணுக்கு வேறு பெருமை உண்டு. அசோகரின் தூண் கட்டளைகளில் ஏழாவது, இந்த ஒரு தூணில் மட்டும்தான் இருக்கிறது. சாலையோரம் ஆலமரம் வைத்தது, கிணறு வெட்டியது, தங்குமிடம் அமைத்தது எல்லாம் அதில் வரும். தூண் முதலில் இருந்தது இன்றைய ஹரியானாவின் தோப்ராவில். பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் அதை டெல்லிக்குக் கொண்டுவந்தார். அடியில் மண்ணைத் தோண்டி, இலவம் பஞ்சைக் குவித்து, தூணை அதன்மேல் மெதுவாகச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்துக் கயிற்றையும் 200 பேர் இழுத்து, பிறகு யமுனையில் படகு. அக்கால வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதிவைத்த செய்தி இது. அன்றைக்கு அந்த எழுத்தைப் படிக்க யாராலும் முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தபோதுதான் பொருள் தெரிந்தது.

பாதுகாப்புக்காகத் தூண் நிற்கும் கட்டடத்தின் மேல்தளத்தை மூடியிருந்தால் கீழிருந்துதான் பார்க்க முடியும். சாய்ந்த வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும், பைனாகுலர் ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்கு நல்லது. வயலட் லைனில் டெல்லி கேட் ஸ்டேஷனில் இறங்குங்கள். வியாழக்கிழமைகளில் ஜின் எனப்படும் ஆவிகளுக்கு மனு எழுதி வைக்க மக்கள் வருவார்கள், விளக்கேற்றுவார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே மாணவர்கள் போனை நீட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

பொறியாளர் பரணி: சுதாவுக்குச் சொன்ன பதிலில் ஒரு ஆட்சேபம். ஆர்ச் என்பதே வெளியிலிருந்து வந்தது என்கிற மாதிரி இருக்கிறது. கான்பூர் பக்கத்தில் பீத்தர்காவ் செங்கல் கோயில் குப்தர் காலம், 5ஆம் நூற்றாண்டு. அதில் உண்மையான ஆர்ச் இருக்கிறது. அப்புறம் எப்படி 1287?

பதில்: பீத்தர்காவில் ஆர்ச் இருப்பது உண்மை. நான் சொன்னது டெல்லியில் நிற்கும் ஆர்ச்சுகளின் வரிசை. இந்தியாவில் யாருக்கும் தெரியாது என்று சொல்லவில்லை. தெரிந்திருந்தும் பெரிய கல் கட்டடங்களில் அதை ஏன் பயன்படுத்தவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கொத்தனார் மகன்: அதுக்குக் காரணம் நான் சொல்றேன். ஆர்ச் கட்ட சென்டரிங் வேணும். கடைசிக் கல்லு உச்சியில உட்கார்ற வரைக்கும் மொத்தக் கனத்தையும் மரச் சட்டம் தாங்கணும். உத்தரம் வைக்க அது வேண்டாம், தூண் மேல தூக்கி வெச்சா முடிஞ்சது. நல்ல கல்லு கிடைக்கிற ஊர்ல ஏன் மரத்தைச் செலவு பண்ணணும்?

பொறியாளர் பரணி: மரம் இல்லாமலா தஞ்சாவூர் கட்டினார்கள்? சாரம் கட்டத் தெரிந்தவனுக்குச் சென்டரிங் பெரிய விஷயமா?

பதில்: இரண்டு பேரும் பாதி சொல்லிவிட்டீர்கள். மீதி, பக்கவாட்டு உந்துதல். உத்தரம் கனத்தை நேரே கீழே இறக்கும். ஆர்ச் கனத்தைப் பக்கவாட்டில் தள்ளும், இரண்டு பக்கத் தூணையும் விலக்கப் பார்க்கும். அதைத் தாங்கக் கனத்த சுவர் வேண்டும். மெல்லிய தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபத்தில் ஆர்ச் வைத்தால் ஓரத் தூண்கள் சாயும். அலாய் தர்வாசாவின் வாசலில் நின்று சுவரின் கனத்தைப் பாருங்கள். அந்தக் கனம் அழகுக்காக வைத்ததில்லை, ஆர்ச்சுக்காக. மண்டபம் விரும்பியவர்கள் உத்தரத்தோடு நின்றார்கள். தூண் குறுக்கே வராத பெரிய உள்வெளி வேண்டியவர்கள் ஆர்ச்சுக்கும் கும்மட்டத்துக்கும் போனார்கள். வேண்டியது வேறு, அதனால் வழியும் வேறு.

பால்பன் காலத்தில் ஏன் மாறியது என்றால், மங்கோலியர் நடு ஆசியாவைச் சூறையாடியபோது கைவினைஞர் பலர் டெல்லிக்கு வந்ததைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

பொறியாளர் பரணி: சரி, அதை ஏற்கிறேன். ஆனால் குதுப் மினார் பக்கத்து மசூதியே கோயில்களை இடித்துக் கட்டியது என்பதையும் சொல்ல வேண்டாமா?

பதில்: மறைக்க ஒன்றுமில்லை, கட்டியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். 27 கோயில்களின் பொருட்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாசலில் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் நின்றால் கண்ணாலேயே படிக்கலாம். ஒரு தூணின் உயரம் போதாமல் இன்னொன்றை அதன்மேல் அடுக்கியிருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில் பூரண கும்பம், அதற்கு மேல் மணிச் சங்கிலி, நடுவே ஒரு பொருத்து, அதற்குமேல் வேறு உளியின் வேறு வேலைப்பாடு. சில இடங்களில் உருவங்களின் முகம் செதுக்கி எடுக்கப்பட்டிருக்கும், சுற்றியிருக்கும் கொடி அப்படியே இருக்கும். பத்துத் தூண்களை நிதானமாகப் பாருங்கள். இதற்குமேல் அரசியல் விவாதம் இங்கே வேண்டாம்.

ஓசூர் தினேஷ்: துருப்பிடிக்காத இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்குமாமே?

பதில்: 1997இல் வேலி போட்டார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து, கை பட்ட உயரத்தில் மேல்படலம் தேய்ந்ததுதான் காரணம். அந்தப் படலம்தான் தூணைக் காக்கிறது. கரியால் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாகத் தங்கிவிட்டது, அது மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது. டெல்லியின் வறண்ட காற்றும் உதவுகிறது. 7.2 மீட்டர் நீளம், ஆறு டன்னுக்கு மேல். இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி ஒன்றோடொன்று அடித்துச் சேர்த்த வேலை. தூணில் பொறித்த எழுத்து சொல்லும் ‘சந்திரன்’ என்ற அரசன் இரண்டாம் சந்திரகுப்தர் என்பது பெரும்பாலோர் கொள்கை.

விழுப்புரம் குமார்: ஒரே நாள்தான் இருக்கு. குதுப், செங்கோட்டை, ஹுமாயூன், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் முடியுமா?

பதில்: முடியாது. ஒரு நாளுக்கு இரண்டு இடம், ஒன்று காலை வெயிலில், ஒன்று மாலை வெயிலில்.

அரக்கோணம் லதா: குதுப், செங்கோட்டை, தாமரைக் கோயில் மூன்றும் திங்கட்கிழமை பார்க்க ஆட்டோ எவ்வளவு கேட்பார்கள்?

பதில்: கேள்விக்கு முன்னால் இருக்கும் பதில்களைப் படியுங்கள். திங்கட்கிழமை செங்கோட்டை மூடல், தாமரைக் கோயிலும் மூடல். குதுப் மட்டும் திறந்திருக்கும்.

ஈரோடு ஹரி: எந்த மாசம் போகலாம்?

பதில்: பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. நவம்பரில் புகைமூட்டம், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் தாமதம், மே ஜூனில் வெயில். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டையை மூடிவிடுவார்கள்.

புதுக்கோட்டை மாறன்: எங்கள் ஊர்ப் பக்கத்து நடராஜர் ஒருவர் டெல்லியில் இருக்கிறார் என்கிறார்களே, எங்கே?

பதில்: திருவரங்குளத்துச் சோழர் கால நடராஜர், தேசிய அருங்காட்சியகத்தில். இரண்டு முழங்காலும் மடிந்த சதுர தாண்டவம், அதனால் நாம் பழகிய தூக்கிய திருவடி இருக்காது. ஊர்க்காரர் நீங்கள், இதற்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போங்கள். முன்னால் நின்று பார்த்தபின் பக்கவாட்டில் வந்து முழங்கால்களின் மடிப்பைப் பாருங்கள், உடம்பின் கனம் எந்தக் காலில் இறங்குகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலையும் அதே அருங்காட்சியகம்தான், உயரம் 10.5 செ.மீ. மட்டுமே என்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். திங்கள் மூடல்.

கடலூர் நித்யா: துக்ளகாபாத் கோட்டைக்கு நானும் தோழியும் சாயங்காலம் போகலாமா?

பதில்: சாயங்காலம் வேண்டாம். ஆளரவமில்லாத பெரிய இடம், முள்புதர், இடிந்த கிணறுகள், குரங்குகள். காலையில் நாலைந்து பேராகப் போங்கள், கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது. உள்ளே நிழல் குறைவு, தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். எதிரே கியாசுதீன் துக்ளக் கல்லறையைக் கண்டிப்பாகப் பாருங்கள். சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், கோட்டை மாதிரியே.

ஆக்ரா ஆசை: டெல்லியிலிருந்து வெள்ளிக்கிழமை தாஜ்மகால் போய்வர...

பதில்: வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல்.

காரைக்குடி வள்ளி: சனிக்கிழமை காலை மட்டும் கையில் இருக்கு அக்கா, பிற்பகல் மூணு மணிக்கு விமானம். பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வரலாம். ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

பதில்: லோதி தோட்டம். டிக்கெட் இல்லை, விடியும்போதே போகலாம். மஞ்சள் லைனில் ஜோர் பாக் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கிலோமீட்டர் சுமார் நடை. முதலில் தெற்குக் கோடியில் முகமது ஷா கல்லறை, மூலைகளில் சாய்வாக முட்டுக்கொடுத்திருக்கும் கல்லைப் பாருங்கள். பிறகு வடக்கே ஷீஷ் கும்பத், முகப்பில் நீல ஓடுகள் மிச்சம் இருக்கின்றன. வெளியே இரண்டு மாடி போலத் தெரியும், உள்ளே ஒரே மாடி. அதற்கும் வடக்கே மதிலுக்குள் சிக்கந்தர் லோதி கல்லறை. நேரம் இருந்தால் திரும்பும் வழியில் ஸ்டேஷன் பக்கத்திலேயே 1754இல் கட்டிய சஃப்தர்ஜங் கல்லறை, அதற்கு டிக்கெட் உண்டு. பத்தரைக்கு முடித்துக்கொண்டு பெட்டியை எடுக்கப் போங்கள். விமானம் எந்த டெர்மினல் என்று முதலிலேயே பாருங்கள்: மூன்றாவது என்றால் நியூ டெல்லி ஸ்டேஷனில் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸுக்கு மாறணும், ஒன்றாவது என்றால் ஹௌஸ் காஸில் மெஜந்தா லைனுக்கு மாறணும். இரண்டும் எதிரெதிர்த் திசை.